எங்கை போறியள் என்று கேட்ட பிள்ளை

கொக்குவில்
24.9.90

அன்புள்ள இரத்தினம்மா மச்சாளுக்கு,

நீங்களும் அண்ணையும் பிள்ளைகளும் கிளிநொச்சியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மாளாச்சி பார்த்துக்கொள்ள வேணும். நாங்கள் இருக்கிறோம். ஏரம்பு அண்ணை நாளைக்குக் கொம்படி வெளியால் அந்தப் பக்கம் போகிறாராம். அவர் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை எழுதுகிறது, பிழை இருந்தால் குறை நினைக்க வேண்டாம்.

இந்த வளவுக்குள் ஐந்து குடும்பம் இருக்கிறோம். பின்பக்கத்து அறை எங்களுக்கும் மாமிக்கும். பக்கத்து அறையில் மக்டலீன் அக்கா. அவவும் மயிலிட்டிதான், உங்களுக்குத் தெரியும். கோட்டைப் பக்கம் விடிந்தால் பொழுதுபட்டால் சத்தம். மாமரத்தடியில் பங்கர் வெட்டியிருக்கிறார்கள். என்னால் அதற்குள் குனிந்து இறங்க முடியாது, வயிறு இடிக்கும். நிலத்தில் இருந்தபடி பின்பக்கத்தால் அரக்கி அரக்கித்தான் இறங்குவேன். சின்னவன் தியாகு என்னைப் பார்த்துத் தானும் அப்படியே அரக்கிக்கொண்டு வருவான். குண்டு போட வருகிற பிளேனைப் பார்த்துப் பார்த்து, அவனுக்கு இப்போது வாயில் வருகிற ஒரே சொல் பொம்பர். காகத்தைக் கண்டாலும் பொம்பர், மக்டலீன் அக்காவின் மனுசன் குறட்டை விட்டாலும் பொம்பர்.

பிள்ளைப்பெத்துக்குத் தேவையானதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய சேலைகளைக் கிழித்து அவித்துக் காயப்போட்டேன். சவர்க்காரம் கிடையாது, எல்லாரும் பனம்பழத்தில்தான் தோய்க்கிறோம். துணி எல்லாம் பழ வாசம். தியாகு ஒரு துண்டை எடுத்துச் சப்பிக்கொண்டு திரிகிறான். மாமி கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு எல்லாம் வெயிலில் காயவைத்து, பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற சரக்குக்கு என்று போத்தலில் போட்டு வைத்தா. கிளினிக்கில் மிஸி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை இன்னும் தலை திரும்பேல்லை, காலிலை நிக்குது. நோ வருமட்டும் வீட்டிலை இருந்திடாதையும், முதலே வந்து படும்" என்று சொன்னா. ஆஸ்பத்திரியை மானிப்பாய்ப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். மிஸி முகத்தைச் சிரித்தபடிதான் வைத்திருந்தா. ஆனால் இரண்டு தரம் தடவிப் பார்த்தா.

மச்சாள், உங்கள் தம்பியின் செத்தவீட்டுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் பாதை இல்லாமல் நீங்கள் வரமுடியாமல் போய்விட்டது. அன்றைக்கு நடந்தது உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதை எழுதத்தான் இருந்தேன். கை வேறு எல்லாம் எழுதிக்கொண்டு போகிறது.

மயிலிட்டியால் வெறுங்கையோடுதானே ஓடி வந்தோம். ஒரு நாள் சத்தம் குறைந்திருந்தது. போய் அரிசியும் தொட்டிலும் எடுத்து வருவோம் என்று அவர் சைக்கிளை எடுத்தார். மூத்தவள் அருந்ததி ஓடிப்போய்ச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டாள்.

நான் கலியாணம் முடித்து வந்த புதிதில் நீங்கள்தானே காதுக்குள் சொல்லித் தந்தீங்கள், கடலுக்குப் போகிற வீட்டில் வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கை என்று கேட்கக் கூடாது, போனவர் திரும்ப மாட்டார், தூரவோ என்றுதான் கேட்க வேணும் என்று. எங்கள் அப்பா கடை வைத்திருந்தவர், எங்கள் வீட்டில் இது ஒன்றும் இல்லை. நானே பழகக் கொஞ்சக் காலம் எடுத்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் இன்னும் பழக்கவில்லை.

மாமி வாயில் கையை வைத்தா. அவர் சிரித்தார். அப்படிக் கேட்டுவிட்டால் தோஷம் கழியச் செய்கிறதைச் செய்தார். திரும்பி வந்து வாங்குப் பலகையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "தம்பிக்குத் தொட்டில் எடுக்கப் போறன் மோனை. நீதான் ஆட்டவேணும், சம்பளம் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெல்லிப்பழையில் செல் விழுந்தது. அவரையும் சைக்கிளையும் தொட்டிலையும் ஒரே டிரக்டரில் ஏற்றி வந்தார்கள். தொட்டிலில் ஒரு கால்தான் தெறித்திருந்தது.

செத்தவீட்டில் அத்தனை பேருக்கு நடுவில் மாமி பிள்ளையைப் பார்த்து, "கேக்காத கேள்வி கேட்டு என்ரை மோனைத் திண்டுபோட்டியேடி" என்று கத்தினா. பெற்ற வயிறு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றோடு நிற்கவில்லை, மச்சாள். பிள்ளை தண்ணீரைச் சிந்தினாலும் அது, தியாகுவோடு சண்டை பிடித்தாலும் அது. பிள்ளை பேச்சை விட்டுவிட்டாள். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். தாகம் என்றால் செம்பைக் கொண்டுவந்து தருவாள். கிளி மாதிரிக் கதைத்த பிள்ளை. நீங்கள் கடைசியாக வந்தபோது, "பெரியமாமி, ஏன் உங்களுக்கு ஒரு பல்லு இல்லை?" என்று கேட்டாளே, அந்தப் பிள்ளை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் மாமியோடுதான் நிற்க வேணும். அந்த நினைப்போடுதான் திரிந்தேன். போன கிழமை கிணற்றடியில் மாமி திரும்பவும் தொடங்கினா. பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "மாமி, பிள்ளையிலை பிழை இல்லை. அவள் கேக்க முதல் குசினிக்குள்ளை வைச்சு நான்தான் அவரை எங்கை எண்டு கேட்டனான்" என்று சொல்லிவிட்டேன்.

மாமி, "நீயோ?" என்று கேட்டா. "ஓம் மாமி" என்றேன். ஏதாவது ஏசியிருந்தால் நல்லது. ஏசவில்லை. சரக்குப் போத்தலைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மக்டலீன் அக்காவின் அறைக்குப் போய்விட்டா. இன்றுவரை என்னோடு ஒரு சொல் இல்லை. பிள்ளைப்பெத்துப் பார்க்க வேறு ஆளைத் தேடட்டாம் என்று மக்டலீன் அக்காதான் வந்து சொன்னா. ஆனால் அன்று பின்னேரம் மாமி அருந்ததியைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, சோறு குழைத்துத் தீத்தினா. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

மச்சாள், நான் கேட்கவில்லை. அம்மாளாச்சி அறிய நான் வாயே திறக்கவில்லை. இது உங்களுக்கு மட்டும். மாமிக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ஒன்று நடந்தால் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேணும் என்றுதான் எழுதுகிறேன்.

மாமி விட்டாலும் பிள்ளை விடவில்லை. தான் கேட்டால் ஆள் வராது என்று மனதில் பிடித்துவிட்டது. அதனால் நான் வாசல் படலைக்குப் போகும்போதெல்லாம், "எங்கை போறியள் எண்டு கேள் மோனை, அம்மா போட்டுத் திரும்பி வந்து காட்டுறன்" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். முந்தநாள் சங்கக்கடையில் சீனி கொடுக்கிறார்கள் என்று வெளிக்கிட்டேன். படலையைத் திறக்கிறேன், பின்னால் ஒரு சின்னச் சத்தம். "அம்மா, எங்கை போறியள்?" திரும்பிப் பார்த்தேன். "கடைக்கு மோனை, ஓடி வாறன்" என்றேன்.

பாதி வழியில் ஹெலி வந்துவிட்டது. சனம் எல்லாம் மதகுக்குக் கீழே போய்க் குந்தியது. என்னையும் இழுத்தார்கள். பிள்ளை படலையில் நிற்கிறாள், நான் எப்படிக் குந்துவது? மதிலோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி திரும்பி நடந்தேன். ஹெலி மேலே இருந்து சுட்டது என்று பிறகுதான் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை.

அவள் படலையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் மாமி. பங்கருக்கு இழுத்தும் வரவில்லையாம், மாமியும் விட்டுப் போகாமல் நின்றிருக்கிறா. பிள்ளை என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்து, "அப்பம்மா, வந்திட்டா" என்றாள். மாமி உள்ளே போனா. ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, என்னைப் பார்க்காமல் நீட்டினா. சீனிதான் வாங்கவில்லை.

இனி நான் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போதும் அவள் கேட்பாள். நித்திரையாக இருக்கும்போது போய்விடலாம்தான். சொல்லாமல் போனால், அவள் இனிமேல் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். கேட்கவைத்துப் போய், பிள்ளை காலிலை நிற்கிறது என்று மிஸி சொன்னாவே, அதில் எனக்கு ஒன்று நடந்துவிட்டால்? அவரையும் கேட்டாள், என்னையும் கேட்டாள் என்று ஆகிவிடும். மூன்று வயதில் இரண்டு பேரை எப்படிச் சுமப்பாள்?

அதனால் வாங்கோ, மச்சாள். தண்ணிக்குள்ளால் நடக்க வேணும், பயமான பாதை என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். சரக்கு அரைக்கவோ, துணி தோய்க்கவோ அல்ல. தொட்டில் கால் ஆணி தைத்து நிற்கிறது, அதற்குள் இப்போது தியாகு படுக்கிறான். எல்லாம் இருக்கிறது. நான் வெளிக்கிடுகிற அன்று நீங்கள் அந்தப் படலையில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேணும். அவள் வாய் திறக்க முதல் நீங்கள் கேட்க வேணும். தூரவோ என்று அல்ல. "மலர், எங்கை போறாய்?" என்று, அவளுக்கும் மாமிக்கும் வளவுக்கும் கேட்கச் சத்தமாகக் கேளுங்கோ. அதற்குப் பிறகு அவள் ஆசைக்கு எத்தனை தரமும் கேட்கட்டும்.

நான் போட்டு வாறன் என்றுதான் சொல்லுவேன்.

நீங்கள் வருகிற வழியைப் பார்த்திருக்கும்,
உங்கள் தம்பி பெண்சாதி,
இராசமலர்