நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

போன வாரம் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் ஆரணியில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பஞ்சில் கிராம்பு எண்ணெயைத் தொட்டு ஈறில் வைத்தார். நாக்கு மரத்துப்போவதற்குள் நீ வந்து நின்றுவிட்டாய். மேடை ஏறப் போகிறவள் கையில் ஒரு கிராம்பைத் திணித்து, “மென்னுடாத, அப்படியே அடக்கிக்க. தொண்டை கட்டாது” என்பாயே, அந்த வாசனை. “வலிக்குதாம்மா?” என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

நீ இறந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. மஞ்சள் காமாலையாம். நம்மோடு படித்தவள் ஒருத்தி வந்தவாசி பஸ்ஸில் பார்த்துச் சொன்னாள். அன்று எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உன்னிடம் கேட்க வேண்டியதை இனி யாரிடம் போய்க் கேட்பது? கேட்க ஆளில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதி. ஆரணிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நம் கல்லூரியில் இருந்தோம். நான் முள்ளிப்பட்டு. நீ வந்தவாசிக்காரி, விடுதியில் இருந்தவள், எனக்கு ஒரு வகுப்பு மேலே. வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தாவணி முனையைத் திருகிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் வராந்தா வழியாகப் போன நீ அதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் என்னை மடக்கினாய்.

“பதில் தெரிஞ்சிகினே ஏன்டி முழிக்கிற?”

“பயமா இருக்குதுக்கா.”

“வெள்ளிக்கிழமை சாய்ந்தரம் அந்தக் கோடி ரூமுக்கு வா. அங்க யாரும் அக்கா கிடையாது. பேரு சொல்லித்தான் கூப்புடணும்.”

அந்தக் கோடி அறைதான் நம் பேச்சுக் குழு. நீயே யோசித்து, நீயே முதல்வரிடம் சாவி கேட்டு வாங்கி நடத்தினாய். ஆசிரியர் யாரும் உள்ளே வரக்கூடாது. வாரம் ஒருத்தி தலைமை. ஒருத்தி பேச வேண்டும். இன்னொருத்தி கேட்டு, கேட்டதை அவளிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். “பேசறது பாதி வேலைதான்டி, கேக்கறதுதான் மீதி” என்பாய். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்லியிருந்தாய். இந்த அறைக்குள் சொன்னது இந்த அறையைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு வாரமும் கதவைச் சாத்திவிட்டு அதைச் சொன்ன பிறகுதான் உட்காருவாய்.

நீ எனக்குக் கொடுத்ததை மறைக்க மாட்டேன். கடைசி வகுப்பு முடிவதற்குள் ஆரணி பஸ் கிளம்பிவிடும். அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். அதற்காக பஸ் டெப்போ மேனேஜரைப் பார்க்க என்னைத்தான் அனுப்பினாய். நீ வெளியிலேயே நின்றுகொண்டாய். “யாரும்மா உன்னை அனுப்பனது?” என்று அவர் அதட்டினார். “யாரும் அனுப்பலைங்க. பஸ்ஸு போயிடுது, நாங்க நின்னுகினு இருக்கோம். அதான் வந்தேன்” என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அடுத்த மாதம் பஸ் நேரத்தை மாற்றினார்கள். முதல்நாள் அந்த பஸ்ஸில் ஆரணி வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் உன்னிடம் அதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது அந்த வாரப் பயிற்சி, எனக்குக் கேட்பவள் நீ.

அப்பாவுக்கு வீட்டிலேயே தறி. பட்டும் ஜரிகையும் ஆரணி டவுனில் ஒரு முதலாளி கொடுப்பார். நெய்த புடவையை அவர் கடையில் சேர்த்துவிட்டுக் கூலி வாங்கி வர வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள் அப்பாவோடு போனேன். வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். தாகம் எடுத்ததால் தண்ணீர் கேட்க நானும் உள்ளே போனேன். முதலாளி புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு சின்னக் கறை. “கண்ணு அவிஞ்சி பூட்சாடா?” என்று சுருட்டி அப்பாவின் முகத்தில் எறிந்தார். கடை முழுக்க ஆட்கள். அப்பா குனிந்து எடுத்து, மடித்துக்கொண்டு நின்றார். அவர் திரும்புவதற்குள் நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். வெளியே வந்தவர் எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்துச் சிரித்தார். “மொதலாளி இன்னா சொன்னாரு தெரிமா? உன் கை யாருக்கும் வராதுன்னாரு.” வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னார்.

நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. இதைச் சொல்லி முடித்தபோது நீ அழுதுவிட்டாய். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இது இந்த ரூமோட போச்சு” என்றாய். அதை நீ தனியாகச் சொல்லியிருக்கவே வேண்டாம். நான் அவ்வளவு நம்பினேன்.

உன் கடைசி வருஷம், பல கல்லூரிகளை அழைத்து நம் குழு பேச்சுப் போட்டி நடத்தியது. ஆரணியில் கல்யாண மண்டபம் பிடித்தோம். பட்டுக் கடைக்காரர்களிடம் நன்கொடை கேட்டோம். கோப்பை தர ஒப்புக்கொண்டவர் அதே முதலாளி. அந்த ஆள் இவர்தான் என்று உன்னிடம் நான் சொல்லவில்லை, உனக்கு அது தெரியாது. ஆனால் என் அப்பாவை உனக்குத் தெரியும். என் நன்றியுரையைக் கேட்பதற்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல்முறையாக ஒரு கல்லூரி விழாவுக்கு வந்தவரை வாசலில் வைத்து உனக்குக் காட்டினேன். “வாங்கப்பா, உள்ள வந்து உக்காருங்க” என்று நீதான் அழைத்துப் போய் நாற்காலி போட்டாய்.

அதற்குப் பிறகு மேடையேறி அதைச் சொன்னாய்.

உழைப்பின் பெருமை என்பது தலைப்பு. நடுவில் குரலை இறக்கி, “எனக்கு ஒரு தோழி, இந்த ஊர்ப் பக்கம்தான்” என்றாய். வாசல், தாகம், கறை, முகத்தில் விழுந்த புடவை, கோலி சோடா. எதையும் விடவில்லை. “உன் கை யாருக்கும் வராதுன்னாரு” என்பதை ஒரு நெசவாளியின் குரலில், சிரிப்பும் தழுதழுப்புமாகச் சொன்னாய். பிறகு கைதட்டல். முன்வரிசையில் இருந்த முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம், “நல்லா பேசுது பொண்ணு” என்று சொல்லி ஓங்கித் தட்டினார். அவருக்கு எந்த ஞாபகமும் இருந்ததாகத் தெரியவில்லை. அப்பாவைத் தேடினேன். தோள் துண்டை எடுத்து மடியில் வைத்து, மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

கோப்பை உனக்குத்தான். அதை அந்த முதலாளி கையால் வாங்கினாய். அடுத்து நன்றியுரை. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. வந்தவர்கள், நன்கொடை தந்தவர்கள், மைக் செட் கொடுத்தவர் என்று வரிசையாகச் சொல்லி வந்தேன். கடைசியில் குழுவைத் தொடங்கிய உன் பெயர். வாய் திறக்கவில்லை. மண்டபம் காத்திருந்தது. “வணக்கம்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாய். நீ கேட்ட முதல் கேள்வி, “இன்னாடி, என் பேரை வுட்டுட்ட?”

“எங்கப்பா உக்காந்துகினு இருந்தாருடி.”

“அதனால இன்னா? நான் யார் பேரையும் சொல்லலியே.”

“அவருக்குத் தெரியாதா? நான் பார்த்ததே அவருக்குத் தெரியாதுன்னு உன்கிட்ட சொன்னேனே!”

“எத்தினி பேரு அழுதாங்க பார்த்தியா? நீயா இருந்தா இதை எந்த ஜென்மத்துலயும் மேடையில சொல்லியிருக்க மாட்ட. எங்கியோ மூடி வெச்சிகினு இருந்ததை நான் நாலு பேருக்குப் புரிய வெச்சேன். இதுக்குத்தானே நாம பேசக் கத்துக்கறோம்?”

எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் நீ. உன்னை அங்கேயே விட்டுவிட்டு அப்பாவைத் தேடிப் போனேன்.

அப்பா சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார். ஊர் எல்லை வந்ததும் கேட்டார்.

“அன்னிக்கி உள்ள வந்துட்டியா?”

“தாகமா இருந்துச்சிப்பா.”

“அம்மாவுக்குத் தெரிமா?”

“இல்லப்பா.”

கொஞ்ச தூரம் போய் நின்றார். “இத்தினி வருஷமா அம்மாகிட்டயே சொல்லாதவ, அந்தப் பொண்ணுகிட்ட ஏம்மா சொன்ன?”

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. அந்தப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. முதலாளி நல்லபடியாகச் சொன்னார் என்று வீட்டில் எப்போதாவது சொல்வாரே, அதுவும் நின்றுவிட்டது. என் விழா எதற்கும் அவர் வரவும் இல்லை.

கோடி அறை நீ படிப்பை முடித்துப் போகும் வரை நடந்தது. நான் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தேன். எல்லோரும் பெண் கல்வியின் அவசியத்தைப் பற்றியே பேசினார்கள். சொந்த விஷயம் எதுவும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நீ அதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை. “ரொம்ப நல்லா வளர்ந்துட்டீங்க” என்று பாராட்டினாய்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் உன்னைப் பார்த்தேன். இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருப்பதாகச் சொன்னாய். உன் கணவரைக் கூப்பிட்டு என் தோளில் கை போட்டாய். “இவளைப் பாருங்க. வாயே தொறக்க மாட்டா. நான்தான் பேச வெச்சேன்.” சிரித்தாய். உன் கண்ணில் ஏதாவது தயக்கம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நீ அதை மறைத்து வைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறந்தே போயிருந்தாய்.

நான் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவிகள் தாங்களே நடத்தும் பேச்சுக் குழு இங்கேயும் உண்டு. முறையெல்லாம் உன்னுடையதுதான். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். போன மாதம் ஒரு பெண் ஓடி வந்தாள்.

“மேடம், எங்க குழுவுல ஒருத்தி அவ அண்ணனைப் பத்திச் சொன்னா. அதைப் போட்டியில சொன்னா கண்டிப்பா பிரைஸ்தான். பேரு சொல்ல மாட்டேன் மேடம்.”

“அவளைக் கேட்டியா?”

“இல்ல மேடம்.”

“கேட்டுட்டு வா.”

கேன்டீன் பக்கம் நின்றிருந்த தோழியிடம் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். இவள் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தாள். “வேணான்னுட்டா மேடம். வேற எதுனா பேசறேன்.” பேசினாள். பரிசு வரவில்லை. மறுநாள் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு சின்ன வேலை அது. மண்டபத்து வாசலில் என்னை ஒரு நிமிஷம் ஓரமாகக் கூப்பிட்டு, “சொல்லட்டுமாடி?” என்று நீ கேட்டிருக்கலாம். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். சில நாள், மாட்டேன் என்று உன் கையைத் தட்டிவிடுகிறேன். சில நாள், இரு, அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் நாற்காலியை நோக்கி நடக்கிறேன்.