காமன் திடலுக்கு ஒரு சாட்சி

கூட்டாளி,

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம், காமன் கூத்தில் எல்லோர் முன்னாலும், "இந்தக் கெழட்டு ரதிக்காக எவன்டா எரிஞ்சு சாவான்?" என்று உன்னைக் கேலி செய்தேன். நீ ரதி வேடத்துச் சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு, பொல்பிட்டியவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நம் கூத்துத் திடலை இப்போது பிரதேச சபை வாகனத் தரிப்பிடமாக்கப் போகிறது. போய்க் கெஞ்சினேன்.

"கேக்குறவரே சாட்சி சொல்ல முடியாதுங்க ஐயா. அங்க வருசா வருசம் கூத்து நடந்துச்சுன்னு கூட ஆடுன ஒருத்தர் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சொன்னா, திடலக் கூத்துக்கே ஒதுக்கிடலாம்," என்றார் செயலாளர்.

சிவனாக ஆடிய சிங்காரம் போய்ச் சேர்ந்துவிட்டான். தப்படித்த அண்ணன் தம்பி இருவரையும் மண்சரிவு கொண்டுபோனது.

உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், வந்துவிடு. அந்தத் திடலில் என்னோடு ஆடியவர்களில் உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான், ரதி.

கைநாட்டுடன்,
உன் மன்மதன்