மெல்டெமின் பதினைந்து நிமிடம்

மெல்போர்ன்,
நவம்பர் 9

மதிப்பிற்குரிய குலிஸார் அக்காவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு ரிஸா எழுதிக்கொள்வது. நானும் மெல்டெமும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று நம் ஊர் அமாஸ்யாவிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். சந்தோஷம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இது மெல்டெமைப் பற்றியது.

உங்கள் தங்கையின் மகளுக்குப் பள்ளி முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு எழுத்துத் தேர்வுகள்தான் பாக்கி. கணக்கு அவளுக்கு வராது, அது என் வழி. துருக்கிய மொழியையும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். அது எனக்கே இந்த வருஷம் பாதியில்தான் தெரியும்.

நெர்மின் இறந்த பிறகு மெல்டெம் வீட்டில் நம் மொழியையே விட்டுவிட்டாள். நான் துருக்கிய மொழியில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நானும் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை காலையில் கூடைப்பந்து ஆடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அய்சுன் டீச்சர் போன் செய்து, பேச்சுத் தேர்வுக்கு வீட்டில் அவளோடு கொஞ்சம் பேசுங்கள் என்றார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பதினோராம் வகுப்பிலிருந்தே சனிக்கிழமைகளில் அவரிடம் துருக்கிய மொழி படிக்கப் போகிறாளாம். அன்றிலிருந்து என்னோடு துருக்கியில்தான் பேச்சு. என் அமாஸ்யாப் பேச்சைத் திருத்துகிறாள். “இப்படிச் சொன்னா மார்க் போயிடும்ப்பா” என்கிறாள். ஐம்பது வருஷமாக மார்க்கை விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அந்தத் தேர்வு பதினைந்து நிமிடம். முதலில் குடும்பம், பள்ளி என்று பொதுவாகக் கேட்பார்கள். பிறகு மாணவர் தானே ஆராய்ந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். மற்ற பிள்ளைகள் திருமணச் சடங்கு, சமையல், நாட்டுப்புற ஆட்டம் என்று எடுத்தார்கள். இவள் எடுத்தது, வெளிநாட்டில் இறக்கும் நம்மவர்களை எங்கே அடக்கம் செய்கிறார்கள் என்பதை. அய்சுன் டீச்சர் வேறு எடுக்கச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இமாமிடம் பேசினாள். உடல்களை விமானத்தில் ஊருக்கு அனுப்பும் ஆளிடம் பேசினாள். கடைசியில் சமையலறையில் என்னை உட்கார வைத்து, போனில் பதிவைப் போட்டுவிட்டு, அம்மாவை ஏன் இங்கேயே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டாள். உங்களுக்குச் சொன்ன அதே பதிலைத்தான் சொன்னேன். அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, நான்தான் முடிவு செய்தேன் என்று. மெல்டெம் பதிவை நிறுத்தினாள்.

“அம்மா உங்ககிட்ட சொன்னப்போ நான் கதவுக்கு வெளியதான்ப்பா நின்னுட்டிருந்தேன்” என்றாள்.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அக்கா, அன்று நீங்கள் போனில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. “எங்கம்மா பக்கத்துல கிடக்க வேண்டியவள அந்நிய மண்ணுல போட்டுட்டியேடா” என்றீர்கள். நான்தான் முடிவு செய்தேன் என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்ல மாட்டேன் என்று நெர்மினுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அந்த வாக்கை மீறுகிறேன். இங்கேயே அடக்கம் செய்யச் சொன்னது அவள்தான். மெல்டெம் பள்ளியிலிருந்து வரும் ரயில் அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் வரும். “என் பொண்ணு வர்ற வழியில நான் இருக்கணும்” என்றாள். பிறகு, “அக்காகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க. என்மேல அவளுக்கு வருத்தம் வந்தா நான் தாங்க மாட்டேன். உங்கமேல கோபப்பட்டா நீங்க தாங்கிப்பீங்க” என்றாள்.

தாங்கிக்கொண்டேன். அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரு பெரியம்மா இல்லாமல் போய்விட்டாள். அதை நெர்மின் யோசித்திருக்க மாட்டாள். நானும் யோசிக்கவில்லை.

அக்டோபரில் தேர்வு நடந்தது. நான் டிராம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிப் போனேன். வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள். தேர்வாளர் அம்மா ஒருவர், உன் அம்மாவின் குடும்பம் இதை ஏற்றுக்கொண்டதா என்று கேட்டாராம். “தெரியாது. எங்க பெரியம்மாகிட்ட நேர்ல கேக்கணும். அதுக்குத்தான் படிக்கிறேன்” என்று சொன்னாளாம். வினைச்சொல்லில் ஒரு விகுதி தப்பாகிவிட்டது என்று அதற்கு வேறு வருத்தம்.

ஜனவரி பதினெட்டாம் தேதி அவள் அமாஸ்யா வருகிறாள். அங்காராவிலிருந்து பகல் பேருந்து. நான் வரவில்லை. நீங்கள் கூப்பிடாமல் அந்த வாசலுக்கு வர எனக்கு உரிமையில்லை. அவளுக்கு அங்கத்தியக் குளிர் பழக்கமில்லை, தடிமனான கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெண்டைக்காய் சூப் பிடிக்காது என்பாள். இருந்தாலும் வையுங்கள், உங்கள் முன்னால் சாப்பிடுவாள்.

என்மேல் உள்ள கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. நெர்மின்மேல் மட்டும் வருத்தப்படாதீர்கள். மெல்டெமின் பேச்சில் பிழை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். துருக்கிய மொழியில் பேசும்போது அவள் குரல் அப்படியே அவள் அம்மாவுடையது. முதல்முறை கேட்டபோது நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவாள். பயந்துவிடாதீர்கள். கதவைத் திறங்கள்.

அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உங்கள் தங்கையின் கணவன்,
ரிஸா