கோவாவுக்குப் போன உன் தம்பி

விஸ்வநத்தம்,
18-3-1962

கர்த்தருக்குள் அன்பான மகள் ஞானபூரணிக்கு அப்பா ஞானமுத்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். லண்டனில் குளிர் குறைந்ததா?

இது தேவாசீர்வாதம் வாத்தியார் எழுதினது இல்லை. நானே எழுதுகிறேன், அறுபத்திரண்டு வயசில்! கோயில் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வைத்த வகுப்பில் எட்டு மாதம் படித்தேன். நேற்று ஆரம்பித்து இன்றுதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். 'ஒரு தீப்பெட்டிக் கட்டே ஒட்டி முடிச்சிருவேன், நீங்க இன்னும் சுகமான்னுதான் கேட்டிருக்கீக' என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் இதில் ஒரு தொந்தரவு. படிக்கவும் வந்துவிட்டது. பெட்டியில் கிடந்த உன் கடிதங்களை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜனவரிக் கடிதத்தில் வாத்தியார் எனக்கு வாசிக்காத பாதிப் பக்கம் இருக்கிறது. நம் பட்டாளம் கோவாவுக்குள் போனதிலிருந்து ஆஸ்பத்திரியில் உன்னால் தலைநிமிர முடியவில்லை என்றும், உலகத்துக்கெல்லாம் அகிம்சை சொன்ன நாடு கடைசியில் துப்பாக்கி தூக்கியதே என்று பெரிய நர்ஸம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள் என்றும், கையகல மண்ணுக்காக நாட்டின் பேரைக் கெடுத்தவர்களில் தம்பி இன்பராஜும் ஒருவன் என்றும், இனி எனக்குக் கடிதம் போடாதே என்று அவனுக்கு எழுதிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய்.

வாத்தியாரிடம் சண்டைக்குப் போனேன். 'அண்ணாச்சி, நீங்க சங்கடப்படுவீகன்னு அந்த இடத்தை மட்டும் முழுங்கிட்டேன்' என்கிறார். வாசிக்கக் கொடுத்தால் முழுங்குவதா?

அந்த நர்ஸம்மா சொன்னதில் பாதி சரி. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் நாம்தானே. ஆனால் பதினாலு வருஷம் பேசியும் போர்ச்சுக்கீசியர் அசையவில்லை. வெறுங்கையோடு போனவர்களையும் சுட்டார்கள். அப்போது அவர்கள் பேர் கெட்டுவிட்டது என்று உன் நர்ஸம்மா வருத்தப்பட்டாளா? அவள் நாட்டுக்காரர் இங்கே இருந்தது எதற்காக என்று நீயாவது கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். வந்த கோபத்தையெல்லாம் தம்பி மேல் இறக்கிவிட்டாய்.

இங்கே இருக்கிறவர்கள் அதற்கு மேல். விருதுநகர்க் கடைக்காரர் மீரான் மைதீன் போன வாரம் எங்கள் வெடிக் கம்பெனிக்கு வந்து, 'ஞானமுத்தண்ணே, இந்த சீசனுக்கு கோவா வெடின்னு பேர் வைக்கச் சொல்லுங்க, அள்ளிக்கிட்டுப் போவாக' என்றார். முதலாளி லேபிளும் அடித்துவிட்டார். கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிப்பாய் ரெண்டு காலையும் அகட்டி நிற்கிறான். அதை என் கையாலேயே ஒட்டச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று இன்பராஜ் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அதனால்தான் தம்பி சௌக்கியம் என்று வாத்தியார் கையால் எழுதி வந்தோம். இனி என்னால் முடியாது. கோவாவில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் புதைத்திருந்த வெடியை மிதித்துவிட்டான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பூனா மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பிப்ரவரியில் நானும் வாத்தியாரும் போய்ப் பார்த்தோம். தலையணைக்கடியில் உன் கடிதம் இருந்தது. அக்கா என்ன எழுதியிருக்கா என்று கேட்டேன். 'சுகமா இருக்காளாம்ப்பா' என்றான்.

நாட்டின் பேரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு முன் நம் கம்பெனியில் வெடிமருந்து அறை எரிந்ததே, நினைவிருக்கிறதா? இனி இவர்கள் சரக்கை எவன் வாங்குவான் என்று ஊரே பேசியது. இரண்டாவது சீசனிலேயே ஆர்டர் தானாக வந்தது. அந்த அறையில் வேலை பார்த்த ஆவுடைத்தாய்க்குப் போன கண் வரவில்லை. நாட்டுக்குப் போன பேரும் ஒரு நாள் திரும்பி வரும். கோவா அந்தக் காலுக்குத் தகுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் பூனாவில் கிடக்கிறான். அவனிடம்தான் ஒருவரும் கேட்கவில்லை.

நீ அங்கே முன்பின் தெரியாதவர் காலுக்கெல்லாம் கட்டுப் போடுகிறாய். கர்த்தர் அந்தக் கைகளை ஆசீர்வதிப்பாராக. அந்தக் கையால் தம்பிக்கு நாலு வரி எழுது. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூச்சப்படுவான். காலைப் பற்றியும் கேட்காதே. அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கிறதா என்று கேள்.

உன் அப்பா,
ஞானமுத்து