மயில் வேண்டாமென்றது

அம்மா, இன்று காலை உன் மயில் சிவந்துவிட்டது.

வீட்டுக் காற்றை உலர வைத்திருந்த குளிர்சாதனம் பழுது. ஈப்போவில் விடாத மழை வேறு. அலமாரி மேல் வருடக்கணக்காக நீலமாகவே நின்றிருந்தது, இன்றைக்கு வெற்றிலை போட்ட உதடாட்டம் ஆகிவிட்டது. பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் ஆறாத கோபம் அது.

நாம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், இருமலுக்கு மருந்து வாங்க தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவள், பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் இதை வாங்கி வந்தாய். கையளவு மயில், தோகையில் சொரசொரப்பாக ஒரு பூச்சு. காற்று காய்ந்திருந்தால் நீலம், ஈரமானால் சிவப்பு, மழை வருவதைச் சொல்லும் என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றான். மற்றவர்கள் ஜன்னலில் வைத்திருப்பார்கள். நீ முருகன் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினாய். அத்தோடு மயில் மழையை விட்டுவிட்டுக் குறி சொல்ல ஆரம்பித்தது. நீலம் என்றால் உத்தரவு, சிவப்பு என்றால் வேண்டாம். ஆடு வாங்கலாமா, ஊருக்குப் போகலாமா என்று வரிசை வீட்டு லயத்துச் சனமெல்லாம் வந்து கேட்டது. பனி சுவரில் வழியும் நம் வீட்டில் அது எப்படி நீலமாகும்? எல்லோருக்கும் வேண்டாம் என்றே சொன்னது. யாரும் சந்தேகப்படவில்லை. தோட்டத்தில் நம் ஆட்களுக்கு அந்தப் பதில் பழகிப்போன ஒன்றுதானே.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழை மாதம். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்திருந்த எனக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. நம் லயத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காதது. நான் பெட்டியைக்கூட இரவல் வாங்கி வைத்துவிட்டேன். நீ குளித்துவிட்டு வந்து, சாமி படத்தின் முன் நின்றாய்.

“மயில பாரு புள்ள. செவந்து கெடக்கு. வேணாம், போகாத.”

“மழைக்குச் செவந்திருக்கும்மா.”

“சாமி கிட்ட எதுத்துப் பேசாதடி.”

எவ்வளவு அழுதேன் என்று உனக்குத் தெரியும். அடுத்த வாரமே பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், கங்காணி என் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். கொழுந்து எடுக்கும்போது மழை வந்தால் உன் பிளாஸ்டிக் தாளை என் தலைக்கும் சேர்த்துப் பிடிப்பாய். அதை மறக்கவில்லை. உன்மேல் முழுசாகக் கோபப்பட விடாமல் செய்வதும் அதுதான்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்குக் கோலாலம்பூரில் கார் பட்டறை வேலை வந்தது. அதுவும் அடைமழை மாதம்தான். வேலைக்குக் கிளம்பியவள், மறந்துபோன கொழுந்துக் கூடையின் தலைக்கயிற்றை எடுக்கத் திரும்பி வந்தேன். நீ அடுப்படியில் குந்தியிருந்தாய். கையில் மயில். தணலுக்கு மேலே பிடித்து, அப்பளம் சுடுகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாய். நீலம் ஏறியதும் கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாய்.

“டேய், மயிலு நீலமா இருக்குடா! சாமி உத்தரவு குடுத்துருச்சு லா, போய்ட்டு வா!”

திரும்பியபோது வாசலில் நான் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். “தண்ணி கொதிக்குது, எறக்கி வையி” என்றாய். அவ்வளவுதான். நான் இறக்கி வைத்தேன்.

கேட்காமலே எனக்குப் புரிந்தது. உன் இருமல் முற்றிக்கொண்டிருந்தது. நீ வேலையை விட்டால், தோட்டத்தில் பெயர் போட ஆள் இல்லாத வீட்டைத் துரை காலி செய்யச் சொல்லிவிடுவார். அந்த ஒற்றை அறை போனால் நீ எங்கே போவாய்? தம்பி கொழுந்து மலையில் வேலைக்கு இறங்கமாட்டான். மிச்சம் நான்தான். சரி அம்மா, உன் பயம் நியாயமான பயம். அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானாகவே நின்றிருப்பேன். நான் விட்டுக்கொடுத்தேன் என்ற பெருமையாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அதையும் எடுத்துக்கொண்டாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊசி போட வந்த சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை வைத்துக்கொண்டே சொன்னாய்: “எம்மவளுக்கும் இந்த வேலதான் கெடச்சுச்சும்மா. மயிலு வேணாம்னுருச்சு.” சாகிற படுக்கையிலும் உன்னால் மயிலை விடமுடியவில்லை. நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். என்ன செய்ய?

தோகையில் பூசியிருப்பது ஒருவகை உப்பு, ஈரம் பட்டால் சிவக்கும் என்று என் மகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து விளக்கினாள். இப்போது அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை. நாளைக்குப் பயணம். காலையில் மயிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அம்மா, பாட்டி மயிலு வேணாங்குதே. போகட்டுமா?”

உன் மகள்தானே நான். அதைக் காட்டி அவளை நிறுத்த ஒரு நொடி எனக்கும் ஆசை வந்தது. வீட்டில் நானும் தனியாகத்தான் இருக்கப் போகிறேன். மயிலை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

“நீ போனா எனக்குப் பயமா இருக்குடி. ஆனா போ.”

பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவ்ளோதானாம்மா?” என்றாள்.

அவ்வளவுதான் அம்மா. அதைச் சொல்ல உனக்கு ஒரு மயில் வேண்டியிருந்தது.