வாளியில் ஊறிய குழல்

அன்பு மச்சானுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு நீ சிரித்து முடித்தால்தான் மற்றதை என்னால் எழுத முடியும். நீ என்னிடம் கொடுத்து வைத்திருந்த புல்லாங்குழலை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். செல்வி துணி ஊறவைக்கிற அதே நீல வாளி. உண்மையான கருங்காலி மரம் என்றால் தண்ணீர் நிறம் மாறும் என்று போனில் ஒரு சாமியார் சொன்னார். நீ இருந்தபோதே ஆரம்பித்த கிறுக்குதான், இப்போது முற்றிவிட்டது. எங்கள் செம்மண்டலத்தில் கருங்காலி மாலை போடாத கழுத்தே இல்லை.

சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் கடும் டீ மாதிரி இருந்தது. "கருங்காலியேதான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். செல்வி எட்டிப் பார்த்தாள். "அந்த வாளியில என் நைட்டிய ஊறவெக்கணும். சாயம் ஏறாம இருந்தா சரி," என்றாள். உன் பெயரைச் சொல்லவில்லை. குழலைப் பார்க்கவும் இல்லை.

அவள் அப்படித்தான் இருக்கிறாள் மச்சான். ஐப்பசி மழையில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் அழவில்லை. காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டாள், தண்ணீர் வைத்தாள், "இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்குங்க" என்றாள். கூடப்பிறந்த ஒரே அண்ணன் போயிருக்கிறான், இவள் இப்படி இருக்கிறாளே என்று உன் சித்தி என் காதுபடவே பேசினாள்.

பொங்கல் வந்தது. வருஷா வருஷம் நீ டி.வி.எஸ். வண்டியில் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் புடவைப் பையுமாகச் சீர் கொண்டுவருவாயே, அந்த நேரத்துக்கு அவள் கோலத்தை முடித்துவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலை திரும்பியது. அப்புறம் உள்ளே வந்து கேட்டைச் சாத்திவிட்டு, "பானை வெக்க நேரமாச்சு," என்றாள். நீ ஒளித்து வைக்கச் சொன்னதை அவள் எப்போதோ பார்த்திருக்கிறாள்; அன்று மத்தியானம்தான் சொன்னாள்: "அவன் கொழல் ஒண்ணு உங்க பீரோவுல இருக்கே, அத வித்துடுங்க. கண்ணுல படாம இருந்தா போதும்."

எனக்கும் அதில் ஒரு ஆசை இருந்தது, மறைப்பானேன். மகள் யமுனாவுக்குக் காலேஜில் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறார்கள். அவள்தான் குழலைப் போட்டோ எடுத்து எங்கேயோ ஏற்றினாள். சென்னையில் பழைய வாத்தியங்களைச் சேர்த்து வைக்கிற ஒருவர் பேசினார். தெரிந்தவர்களிடம் காட்டி, என்ன மரம், எந்தக் காலத்து வேலை என்று கேட்டுச் சொல்லுங்கள், நல்ல விலை தருகிறேன் என்றார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீ சொன்னது அப்படியே காதில் இருந்தது.

"என்ன மச்சான் இது?"

"பாத்தா தெரியல? புல்லாங்கொழல் மாப்ள. ஒலக்கைன்னு நெனச்சியா?"

"ஏது?"

"புதுச்சேரில ஒரு வெள்ளக்காரரு வீட்ட காலி பண்ணாங்க, அங்க புடிச்சேன். நூறு வருஷத்து சரக்கு. கருங்காலி. தங்கச்சிகிட்ட மூச்சு வுடாத. நான் கேக்கறப்ப எடுத்துக் குடு."

நீ கேட்கவே இல்லை. அடுத்த மாதமே படுத்துவிட்டாய். படுக்கையில் ஒருநாள் என்னைப் பார்த்து, "அது பத்திரமா?" என்றாய். நான் உன் வண்டிச் சாவியைச் சொல்கிறாய் என்று நினைத்து, "ஆணியில மாட்டிருக்கேன் மச்சான்," என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். என்ன நினைத்திருப்பாய்?

போன வாரம் குழலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர், "பூரிக்கட்டையா சார்? எந்தக் கடை?" என்று கேட்டார். கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் வாத்தியம் பழுது பார்க்கிற கடை ஒன்று இருக்கிறது. நடத்துவது ஒரு அம்மா. துண்டைப் பிரித்ததும் குழலை மோந்து பார்த்தார்.

"யாரு இத தண்ணியில போட்டது?"

"மழையில நனஞ்சிருச்சிம்மா."

"மழை உள்ள பூந்து இந்தக் கோடி வரைக்கும் ஊறுமா? வெல கேக்க வந்தீங்களா, பொய் சொல்ல வந்தீங்களா?"

கருங்காலி சோதனையைச் சொன்னேன். தண்ணீர் டீ நிறமாக ஆனதையும் பெருமையாகச் சொன்னேன். "அழுக்குத் துணிய போட்டாக்கூடதான் தண்ணி நெறம் மாறும். கரைஞ்சது பாலிஷு," என்றார். நான் பெயிண்ட் கடையில் இத்தனை வருஷமாக நிற்கிறவன் மச்சான். தினமும் பாலிஷ் டப்பா விற்கிறவன். எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா என் சட்டைப் பையில் இருந்த கடைப் பெயரைப் படித்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது கருங்காலி இல்லை, ஆச்சா. நாகஸ்வரம் செய்கிற மரம். பழைய வீட்டில் இருந்து எடுத்த கட்டை. அதோ, ஆணி இருந்த ஓட்டையை மரத்துண்டு வைத்து அடைத்திருக்கிறது, பாருங்கள் என்று நகத்தால் காட்டினார். "உள்ள பாருங்க, மரை மாதிரி கோடு போவுது. மரம் கடையற ஆளு செஞ்சதில்ல. இரும்பு கடையற லேத்துல போட்டிருக்கான். புதுசு. ரெண்டு வருஷம்கூட இருக்காது."

அப்போதுதான் நான் கோடியில் இருந்த பித்தளை வளையத்தைப் பார்த்தேன். விரல் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டை நான் தினமும் காலையில் தொடுகிறேன். எங்கள் பாத்ரூம் தாழ்ப்பாளுக்கு நீ உன் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்த குமிழில் இருக்கிற அதே கோடு. நூறு வருஷத்து வெள்ளைக்காரர், எங்கள் பாத்ரூமுக்கும் தாழ்ப்பாள் செய்திருக்கிறார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் உங்கள் பழைய வீட்டை இடித்தபோது நிலைக்கட்டையில் ஒரு துண்டை எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தாய். எதுக்கு மச்சான் என்றால், "எலிக்குத் தலகாணி," என்றாய். உனக்கு வாயில் உண்மையே வராதா?

"வேல சுத்தம். ஆனா ஒரு தொளை தப்பா இருக்கே," என்றேன் அந்த அம்மாவிடம், எனக்கும் ஏதாவது தெரியும் என்று காட்டிக்கொள்ள. இடது கைத் துளைகளில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது.

"தப்பா போடறவன் ஓரத்த இவ்ளோ வழவழன்னு தேச்சு வெக்க மாட்டான்." அவர் குழலை வாயில் வைத்து ஊதினார். எல்லாம் நன்றாக வந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் சுரம் பிசிறியது. அவர் கொஞ்சம் யோசித்தார். இடது கை மோதிர விரலை மடக்கி, நடுக்கணுவை அந்தத் துளையில் வைத்து மறுபடி ஊதினார். சுரம் சுத்தமாக நின்றது.

"இந்த வெரல் பாதிதான் இருக்கு அவங்களுக்கு. யாருங்க வூட்டுல?"

நான் துண்டை எடுத்து மடித்தேன் மச்சான், பிரித்து மறுபடியும் மடித்தேன்.

வாய்ப்பக்கம் என் வாளி வேலையால் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது. அந்த அம்மா மெழுகு வைத்து, நூல் சுற்றிக் கொடுத்தார். "வாசிக்கிறவங்க யாரும் வாங்க மாட்டாங்க. அந்தக் கை இருக்கறவங்க மட்டும்தான் இத வாசிக்க முடியும். மாசத்துக்கு ஒரு தடவ நல்லெண்ணெ தடவுங்க. இனிமே தண்ணி காட்டாதீங்க," என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சென்னைக்காரர் போனில் பேசினார். நடந்ததைச் சொன்னேன். கருங்காலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போட்டோவில் பார்த்தே பிடித்துவிட்டது, விலையைக் குறைக்காமல் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கம்ப்யூட்டர் ஒரு கண்ணில், அந்தத் துளை ஒரு கண்ணில்.

எப்போது அளந்தாய் என்று வழியெல்லாம் யோசித்தேன். கடலூர் வந்து சேர்வதற்குள் பிடிபட்டுவிட்டது. முந்தின பொங்கலுக்குச் சாப்பிட்டு முடித்ததும், சாமி இல்லை, ஜோசியம் இல்லை என்று ஊரெல்லாம் பேசுகிற நீ, "வா தங்கச்சி, கைரேக பாக்கறேன்," என்று உட்கார்ந்தாய். அவள் வலது கையை நீட்டினாள். "பொம்பளைக்கு எடது கைதான் பாக்கணும்," என்றாய். முந்தானைக்குள்ளேயே இருக்கிற கையை அவள் தயங்கித் தயங்கி வெளியே எடுத்தாள். நீ ஒவ்வொரு விரலாக உன் விரலோடு வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "கார் வாங்குற யோகம் இருக்கு," என்றாய். "எந்தக் கடன்ல?" என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரித்தாள்.

எங்களுக்குக் கல்யாணமான நாளில் இருந்து அந்தக் கையை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. எப்படி ஆச்சு என்று ஒருநாளும் கேட்டதில்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதை நூல் பிசகாமல் அளந்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து துண்டோடு சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"வித்தாச்சா?"

"ஆள் ரெடியா இருக்கான். நாளைக்கே வந்து வாங்கிக்கிறானாம்."

"அப்ப ஏன் அழுக்குத் துண்டுல சுத்தி வெச்சிருக்கீங்க? குடுங்க இப்டி." அவள் துண்டைப் பிரித்து, குழலை இரண்டு கையாலும் எடுத்தாள். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. விரல்கள் தாமாகத் துளைகளின் மேல் போய் உட்கார்ந்தன. அந்தக் குறை விரல் தன் இடத்தைத் தேடவே இல்லை.

குழலைத் திருப்பி அந்தத் துளையைப் பார்த்தாள்.

"இத எங்க வாங்கினதா சொன்னான்?"

"புதுச்சேரில. ஒரு வெள்ளக்காரரு வூட்டுல."

"அந்த வெள்ளக்காரனுக்கு என் கை எப்டிங்க தெரியும்?"

அவ்வளவுதான் மச்சான். ஐப்பசியில் வராத அழுகை அப்போது வந்தது. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழலை மட்டும் கீழே வைக்கவில்லை.

பிறகுதான் எனக்கு எல்லாம் சொன்னாள். எட்டாவது படிக்கிறவரை பள்ளிக்கூட விழாவில் அவள்தான் குழல் வாசிப்பாளாமே? நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஊரில் மெதுவாகப் போகும்போது பிள்ளைகள் நீங்களெல்லாம் பின்னால் ஓடிக் கரும்பு உருவுவீர்களாமே? அன்றைக்குச் சங்கிலியில் விரல் சிக்கியதையும் சொன்னாள். அதற்கப்புறம் அவள் குழலைத் தொடவில்லை.

"அவன் வேணாம்னுதாங்க சொன்னான். நான்தான் அழுதேன், எனக்கு ஒரு கரும்பு உருவிக் குடுன்னு. அவனுக்கு முன்னாடி நானே கைய வுட்டுட்டேன். அவன் என்னமோ தான்தான் பண்ணிட்ட மாதிரியே கடைசி வரைக்கும் இருந்தான். சீர் கொண்டாருவானே, என்னிக்காவது ஒரு துண்டு கரும்பு கடிச்சிப் பாத்திருக்கீங்களா அவன?"

உனக்குப் பல் சரியில்லை என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். நீயும் ஆமாம் என்று பல்லைக் காட்டியிருக்கிறாய்.

இந்தப் பொங்கல் சீரில் அதைக் கரும்போடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவர இருந்தாயா? இல்லை, கொடுக்கப் பயந்துகொண்டுதான் என் பீரோவில் ஒளித்தாயா? இனி யாரைக் கேட்பேன்?

சென்னைக்காரரிடம் நானே பேசினேன். "என்ன சார், வெலை பத்தலையா?" என்றார். "அதில்ல சார். கொழலுக்கு உடையவங்க வந்துட்டாங்க," என்றேன். யமுனா, காலேஜ் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன் என்றாள்.

குழல் இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. செல்வி இன்னும் ஊதவில்லை. துடைக்கிற சாக்கில் எடுப்பாள், விரல்களை வைத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். நானும் கேட்பதில்லை.

மாதம் ஒருமுறை நல்லெண்ணெய் தடவுவது என் பொறுப்பு. தண்ணீர் காட்ட மாட்டேன். வருகிற பொங்கலுக்கு உன் டி.வி.எஸ்.ஸில் நானே தெருமுனை வரை போய், கரும்பும் மஞ்சளும் புடவையும் கட்டிக்கொண்டு, நீ அடிக்கிற மாதிரியே ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பேன். ஊர் சிரிக்கட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அன்று தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று சொல்ல நினைத்தேன். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்: "செல்வி, அந்தக் கைய கொஞ்சம் காட்டு. நானும் பாத்துக்கறேன்."

உன் தங்கை வீட்டுக்காரன்,
உன் மாப்ள.