பின்கண்ணாடியில் வெள்ளைப் பாலிஷ்

இந்தியானா,
செப்டம்பர், ஞாயிறு மதியம்.

என் அன்பு மகன் கேலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது கால் மட்டும் எப்போதும்போலத்தான். நடுக்கடலில் கப்பலில் இருக்கும் உன்னையும் அவர் சுகமாய் வைத்திருக்க வேண்டுமென்று காலை ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபித்தேன். கோழியை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேனடா, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாமல் அப்பா பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இந்த ஆட்டோமேட்டிக் மஸ்டாங் காரை வாங்கியது உனக்குத் தெரியும். அது அவர் மனதில் ஒட்டவே இல்லை என்பதைத்தான் நான் எழுதாமல் இருந்தேன். "இது ஓட்டுறது இல்ல வெர்னா, சும்மா உக்காந்துட்டு வர்றது" என்பார். உன் சித்தப்பா லீலண்ட் வேறு வரும்போதெல்லாம், "என்ன அண்ணே, சர்ச்சுக்குக் கேக் கொண்டுபோற வண்டி எப்படி ஓடுது?" என்று குத்துவார். நீ விட்டுப்போன வெள்ளை ஷூ பாலிஷை எடுத்துப் போன மாதம் அப்பா பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதிவிட்டார். கார்ப் பந்தயத்தை விட்டுவிட்ட உன் அப்பாவை நீ பார்த்ததில்லை, சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூடக் கேட்டு வாங்கமாட்டார். ஒரே ஒரு பந்தயம் ஓட்டுங்கள், வண்டிக்கு என்ன போடுவது என்று நான் பார்க்கிறேன், அப்போதும் பிடிக்காவிட்டால் வாங்க வருகிறவரிடம் சாவியை நானே கொடுக்கிறேன் என்றேன்.

நீ போனில் இன்ஜின் பலத்தைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் போடச் சொன்னாய், லீலண்டும் அதையேதான் சொன்னார். கோபித்துக்கொள்ளாதே, நான் வேண்டாமென்றேன். வீட்டுக் கணக்கு என் கையில் இருப்பதால் மட்டுமல்ல. நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன், கியர்பெட்டி வேலை பார்க்கும் ஓரினைக் கேட்டுக் கேட்டுச் சலிக்கவைத்தேன். நம் இன்ஜினுக்குப் பலம் குறைவில்லை, புறப்படுகிற இடத்தில்தான் அது தூங்குகிறது. சூப்பர்சார்ஜர் போட்டால் அந்தப் பழைய டயர் சுழன்று புகைதான் விடும், கியர்பெட்டி தாங்குமோ தாங்காதோ. இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை மாற்றினால், புறப்படச் சொல்லும் பச்சை விளக்குக்கு முன்பே இன்ஜின் முறுக்கேறி நிற்கும். நம் பாடகர் குழு முதல் வரிக்கு முன்னால் மூச்சை நிறைய இழுத்துக்கொள்வதில்லையா, அதுபோல. அது சூடு கிளப்பும் என்பதால் கியர் எண்ணெயைக் குளிரவைக்க ஒரு கூலர், பிறகு ஒட்டிப் பிடிக்கும் பின்டயர்கள், அவ்வளவுதான். "எல்லாரும் கியர்பெட்டியக் கருக்கிட்டுத்தான் கூலர் கேட்டு வருவாங்க, முதல்லயே கேட்ட ஆள் நீங்கதான் மேடம்" என்றார் ஓரின்.

நேற்றுத்தான் பந்தயம். மழை பெய்து ஒத்திகை ஓட்டமெல்லாம் ரத்து, நேரே போட்டி. இந்தப் பந்தயத்தின் வேடிக்கைதான் உனக்குத் தெரியுமே, எத்தனை வினாடியில் ஓடுவோம் என்று அவரவரே கண்ணாடியில் எழுத வேண்டும், மெதுவான வண்டியை அதற்கேற்ப முன்னால் விடுவார்கள், எழுதியதைவிட வேகமாகப் போனால் தோல்வி. புதுச் சாமான் போட்டு ஒருமுறைகூட ஓடிப் பார்க்காதபோது என்னத்தை எழுதுவது? நன்றாகக் குறைத்து எழுதுங்கள் என்றேன். "அவ்வளவெல்லாம் வராது வெர்னா, அந்தக் கன்வெர்ட்டர் வெறும் இரும்பு உருண்டை" என்று சொல்லி, வண்டி வாங்கிய புதிதில் ஒருமுறை ஓடிய நேரத்தில் துளி மட்டும் குறைத்து, பதிமூன்று புள்ளி மூன்று என்று 'விற்பனைக்கு' என்பதன் கீழே எழுதினார். எதிரே ஒரு பழைய பிக்கப். அது முதலில் கிளம்பிற்று. நம் பக்கம் பச்சை விழுந்ததும் மஸ்டாங் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது பார், நான் ஜெபமாய்ச் சொல்ல ஆரம்பித்த சங்கீதம் முதல் வசனத்தைத் தாண்டுமுன் வண்டி பாதி தூரம் போய்விட்டது. நேரம் காட்டும் பலகையில் பன்னிரண்டு புள்ளி ஒன்பது! முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவரும் அவர்தான், தோற்றவரும் அவர்தான்.

சாவியை என் கையில் கொடுத்துவிடுவார் என்று பதறிக்கொண்டு ஓடினேன். மனுஷர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர். "சொன்னதவிட வேகமாப் போயிட்டேன் வெர்னா! தூக்கி அடிச்சிருச்சு!" முதுகு வலித்ததா என்றேன், "வலிக்க நேரம் எங்க இருந்துச்சு?" என்றார். லீலண்ட் ஓடிவந்து கண்ணாடியைப் பார்த்து, "அண்ணி, கேக்கெல்லாம் பின்னாடி அப்பியிருக்குமே" என்றார், இத்தனை நாளில் அவர் கேலிக்கு அப்பா சிரித்தது அப்போதுதான். பிறகு அப்பா என்னிடம் ஈரத்துணி கேட்டார். தோற்ற எண்ணை அழிக்கப் போகிறாராக்கும் என்று கொடுத்தேன். எண்ணை அப்படியே விட்டுவிட்டு, மேலே இருந்த 'விற்பனைக்கு' என்பதை மட்டும் தடம் தெரியாமல் துடைத்தார்.

அடுத்து பின்அச்சின் கியரை மாற்றுவதா, வேறெதுவா என்று அண்ணனும் தம்பியும் இப்போது கராஜில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். உன் யோசனையும் எழுது, சூப்பர்சார்ஜர் என்று மட்டும் எழுதாதே. கப்பலில் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கடலை அடக்கியவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

எந்நேரமும் உன் நினைவாக இருக்கும்
அம்மா வெர்னா

மறந்துவிட்டேன், விடுமுறைக்கு வரும்போது உன் வெள்ளை ஷூவுக்கு வேறு பாலிஷ் வாங்கிக்கொண்டு வா. இங்கிருந்த புட்டியை அப்பா வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டார், உனக்குக் கிடைக்காது.